இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாவலில் ஒரு பிழை இருந்தால் யாரும் செத்துப்போய்விடுவதில்லை. இது வெர்னா லாஹ்திக்கு நன்றாகவே தெரியும். அவள் எழுதிய ஆறு நாவல்களிலும் பிழை உண்டு. ஒன்றில் கதாநாயகனின் கண் முதல் பாகத்தில் நீலம், இரண்டாம் பாகத்தில் பழுப்பு. வாசகர்கள் கடிதம் போட்டார்கள், இவளும் சிரித்துவிட்டு மறந்துபோனாள். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அமெரிக்காவில் டுலூத் ஊர் நூலகத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்து, மடியில் விரித்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் ஏறியது. அதிலிருந்த பிழை அவளுடைய பெயர்.

புத்தகம் அவளுடைய சிநேகிதி மார்கிட் ஸ்கோகன் எழுதியது. பெயர், 'நாற்பது மைல் புகை'. ஏரிக்கரையில் மீனைப் புகைபோட்டு விற்கிற சிக்னே என்ற பெண்ணும், நோயில் விழுந்து சாகிற அவள் புருஷன் நெல்ஸும்தான் கதை. இரண்டு மணிக்கு உள்ளே வெளியீட்டு விழா. இந்த ஊர்ப் பக்கம் நாவலாசிரியர் யாரும் தனியாக மேடையேறுவதில்லை. இன்னொரு நாவலாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். அவருக்குப் புத்தகம் வரும்போது இவர் போய் உட்கார வேண்டும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போவது மாதிரிதான். இன்றைக்குக் கேள்வி கேட்கிற முறை வெர்னாவுடையது.

ஏழு அட்டைகளில் ஏழு கேள்வி எழுதி வைத்திருந்தாள். எட்டாவது கேள்வியை அவள் எந்த அட்டையிலும் எழுதவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நெல்ஸ் சாகக் கிடக்கிறான். அவனைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அந்தப் பத்தியின் கடைசி வாக்கியம்: 'வெர்னா வரவில்லை.' நாவல் முழுக்க வெர்னா என்று ஒரு ஈ, காக்கை கிடையாது. சிக்னேவின் சிநேகிதிக்கு ஆல்மா என்று பெயர். தபாலாபீஸ் வைத்து நடத்துகிறவள், கலகலப்பானவள், இருபது இடத்தில் வருகிறாள். இருபது இடத்திலும் ஆல்மா. இந்த ஒரே இடத்தில் வெர்னா.

இப்படிப் பெயர் மாறி நிற்பது எப்படி நடக்கும் என்று வெர்னாவுக்குத் தெரியாமலா? இருபத்தாறு வருஷமாக இரண்டு பேரும் ஆடுகிற விளையாட்டுதானே. முதல் பிரதி எழுதும்போது பாத்திரங்களுக்குப் பெயர் யோசித்து நேரத்தை வீணாக்குவதில்லை, தெரிந்தவர்கள் பெயரை வைத்து எழுதிவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரிடம் சொல்லி ஒரே தட்டில் மாற்றிவிடுவார்கள். மார்கிட்டின் இரண்டாவது நாவலில் குதிரை திருடுகிறவள் வெர்னாவாகத்தான் பிறந்தாள். வெர்னா பதிலுக்கு மார்கிட்டை ஒரு கஞ்சப் பிசினாறி ஓட்டல்காரியாக்கினாள். அப்படி மிச்சம் ஒட்டிக்கொண்ட பெயராக இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் கம்ப்யூட்டர் இருபது இடத்தில் மாற்றிவிட்டு ஒரு இடத்தை மட்டும் விட்டுவைக்குமா?

விட்டுவைக்காது. அப்படியானால் வேண்டுமென்றே வைத்தது. அப்படி வைக்கக் காரணமும் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மார்கிட்டின் புருஷன் ராய் வீட்டிலேயே படுத்து, பதினொரு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து செத்தான். வெர்னாவின் வீடு ஆறு தெரு தள்ளி. அவள் போகவில்லை. முதல் இரண்டு நாள் நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன் என்றாள். அப்புறம் ஜலதோஷம், நோயாளிக்கு ஒட்டிவிடும் என்றாள். ஒரு பாத்திரம் காட்டரிசி சூப்பைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். சவ அடக்கத்துக்குப் போனாள், கட்டிப்பிடித்து அழுதாள். அதற்குப் பிறகு மார்கிட் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. வாரா வாரம் காப்பிக் கடையில் சந்தித்து மணிக்கணக்காகப் பேசினார்கள். மார்கிட்டின் வீட்டுக்குள் மட்டும் வெர்னா நான்கு வருஷமாகக் காலெடுத்து வைக்கவில்லை. கடைக்குப் போனாலும் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

கேட்க வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். நான்கு வருஷம் சிரித்துப் பேசிவிட்டு, நாலாயிரம் பிரதியில் அச்சடித்துச் சொல்வதா? மேடையில் எல்லார் முன்னாலும், சிரித்த முகமாக, 'யாரம்மா இந்த வெர்னா?' என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, மஞ்சள் ஒட்டுச் சீட்டு ஒன்றை அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு காரைவிட்டு இறங்கினாள். இத்தோடு சிநேகிதம் போனால் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மார்கிட் எலுமிச்சைக் கேக்குத் துண்டு ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள். அறுபத்தேழு வயது, எலும்பும் தோலும், அதே பச்சை ஸ்வெட்டர்.

"வாடி, கேள்விக்காரி. நேரமாச்சேன்னு பார்த்தேன். புக்கப் படிச்சியா, இல்ல அட்டையப் பார்த்துட்டே வந்துட்டியா?"

"படிச்சேன். ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா! அய்யோ, அப்ப நல்லா இல்லன்னு அர்த்தம். நல்லா இருந்தா ஒரு தடவையோட அழுதுட்டு வெச்சிருப்பே."

"மேடையில சொல்றேன்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? இந்தா, கேக்கு தின்னு. டானா செஞ்சது. கல்லு மாதிரி இருக்கு, ஆனா அவகிட்டச் சொல்லிடாதே."

டானா, இந்த விழாவை நடத்துகிற புத்தகக் கடைக்காரி, அப்போதுதான் கதவைத் திறந்தாள். "எழுபது பேர் வந்திருக்காங்க! நாற்காலி பத்தல. வாங்க, வாங்க." வெர்னா சிநேகிதியின் முகத்தையே பார்த்தாள். கள்ளத்தனம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். கன்னத்தில் ஒட்டியிருந்த சர்க்கரைதான் தெரிந்தது.

மேடை என்றால் பெரிய மேடையில்லை, ஒரு அடி உயரப் பலகை, இரண்டு நாற்காலி, இரண்டு மைக். மார்கிட் எப்போதும்போல் முதல் அத்தியாயத்திலிருந்து ஐந்து நிமிடம் வாசித்தாள். வேறு எதையும் வாசிக்க மாட்டாள். பிறகு அட்டைகள் ஆரம்பித்தன.

முதல் ஐந்து கேள்வியும் பழுதில்லாமல் போயின. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், வந்தப்போ நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன்" என்றாள் மார்கிட். முடிவு முதலிலேயே தெரியுமா என்றதற்கு, "தெரிஞ்சா எதுக்கு எழுதறேன்? தெரிஞ்சத எழுதறதுக்கு நான் என்ன வக்கீலா?" என்றாள். கூட்டம் சிரித்தது. கையைக் கட்டிக்கொண்டு பேசினாலும் சிரிக்க வைக்கத் தெரிந்தவள். வெர்னாவும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

ஆறாவது அட்டை, பெயர்கள்.

"உங்க பாத்திரங்களுக்கெல்லாம் பேரு எப்படி வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கேக்கறா பாருங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி!" என்று மார்கிட் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க ரகசியத்த நானே போட்டு உடைக்கிறேன். முதல் பிரதியில எல்லாரும் இந்த ஊர்க்காரங்கதான். உங்கள்ல பாதிப்பேரு என் கதையில கொலையே பண்ணியிருக்கீங்க. இவ குதிரை திருடினா. அருமையாத் திருடினா!"

சிரிப்பு அடங்கும் வரை வெர்னா காத்திருந்தாள். "இந்தக் கதையில நான் யாரு?" குரலை விளையாட்டாகத்தான் வைத்துக்கொண்டாள். "ஆல்மாவா?"

"ஆல்மாவா? இல்லையே. அது தபாலாபீஸ் டோரிஸ். டோரிஸ், வந்திருக்கியா? கை தூக்கு! ஆங், அவதான்." மார்கிட் கொஞ்சம் நிறுத்தினாள். "இந்தக் கதையில உன் பேர நான் எங்கயும் வைக்கல. யாருக்கும் வைக்க மனசு வரல."

வெர்னாவுக்குக் காது சூடாகிவிட்டது. வாய் கூசாமல் எப்படிச் சொல்கிறாள்! ஆல்மா முதலில் டோரிஸ் என்றால், மிச்சம் ஒட்டினாலும் டோரிஸ் என்றல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? எழுதிவிட்டு, எழுபது பேர் முன்னால் எழுதவேயில்லை என்கிறாள். இனி என்ன தயவு தாட்சண்யம்? ஏழாவது அட்டையைக் கீழே வைத்தாள். புத்தகத்தை எடுத்து மஞ்சள் சீட்டு இருந்த இடத்தில் பிரித்தாள்.

"இப்போ எல்லாரும் கேள்வி கேக்கலாம்" என்று டானா அந்த நேரம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யாரு முதல்ல? ஹார்லன், நீங்களா? நினைச்சேன்."

ஹார்லன் வெய்க்ட் முன்வரிசையில் எழுந்து நின்றார். இரும்புத்தாதுக் கப்பலில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷமாக எந்த எழுத்தாளர் வந்தாலும் ஒரே கேள்வியைக் கேட்பார். எழுத்தாளர்கள் தங்களுக்குள் அவரைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும், கவலைப்பட மாட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மார்கிட். பேனாவா, கம்ப்யூட்டரா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கோவமென்ன ஹார்லன், நீங்க கேக்கலன்னாதான் புக்கு வெளிவந்த மாதிரியே இருக்காது" என்றாள் மார்கிட். "கம்ப்யூட்டர்தான். போன தடவையும் அதேதான் சொன்னேன். ஆனா இந்தத் தடவை உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் பென்சில்ல எழுதினேன்."

"அப்படிப் போடுங்க!" என்று ஹார்லன் உட்காராமல் நின்றார். "எது?"

"கடைசி புரூஃப் பேப்பர்ல வந்தது. எல்லாரும் பார்த்து முடிச்சாச்சு, இனிமே நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா நேரா அச்சுக்குத்தான். அன்னைக்குக் காலையில அடுப்படி மேஜையில உக்காந்து கடைசியா ஒரு தடவை புரட்டறேன். நெல்ஸ் சாகற இடம். யாரு யாரு வந்தாங்கன்னு ஒரு பத்தி. என்னமோ குறையுது. ஒன்றரை வருஷமா குறையுது, என்னன்னு தெரியல. வாசல்ல பார்சல்காரன் வண்டிய நிறுத்திட்டு ஹார்ன் அடிக்கிறான். அப்பத்தான் தெரிஞ்சது. வந்தவங்களச் சொன்னா போதாது, வராதவளச் சொல்லணும். ஓரத்துல பென்சில்ல ரெண்டே வார்த்தை எழுதி, கவர்ல போட்டு, ஓடிப் போயிக் கொடுத்துட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்ல. அச்சான புக்க நான் பிரிச்சுப் படிக்கறதே இல்ல, முதல் அத்தியாயத்த விட்டா. படிச்சா தூக்கம் போயிரும்."

"அந்த ரெண்டு வார்த்தை என்ன?"

"'ஆல்மா வரவில்லை.'"

வெர்னாவின் கையில் புத்தகம் விரிந்தபடியே இருந்தது. அவள் ஆறு நாவல் எழுதியவள். பேப்பர் மேலே பென்சில் எப்படி ஓடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் செய்த பிழையில்லை, மனசில் வஞ்சம் வைத்துச் செய்ததுமில்லை. ஒன்றரை வருஷம் டோரிஸ் என்றும் ஆல்மா என்றும் எழுதிப் பழகிய கை, அவசரத்தில், யோசிக்க நேரமில்லாமல், உள்ளே என்ன இருந்ததோ அதை எழுதிவிட்டது. எழுதியவளுக்கே அது இன்னும் தெரியாது. திட்டமிட்டு எழுதியிருந்தாலாவது கோபப்படலாம். இதற்கு என்ன செய்வது? அவள் கட்டிக்கொண்டு வந்த கோபம் பொசுக்கென்று இறங்கி, அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அந்தப் பத்தியப் படிச்சுக் காட்டுங்களேன்" என்றார் ஹார்லன்.

"நான் மாட்டேன்பா, அழுதிருவேன்" என்றாள் மார்கிட். "வெர்னா, நீ படி. கையிலதான் பிரிச்சு வெச்சிருக்கியே. அட, அந்தப் பக்கத்துலயே சீட்டு வேற ஒட்டியிருக்கா! பாருங்க, இவளுக்கும் அந்த இடம்தான் பிடிச்சிருக்கு."

ஆல்மா என்று படித்துவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. இரண்டாம் பதிப்பில் மாற்றச் சொல்லி பதிப்பகத்தாரிடம் காதோடு காதாகச் சொல்லிவிடலாம். அதற்கும் வழி இருந்தது, வெர்னா அதையும் யோசிக்காமல் இல்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்துப் படித்தாள்.

"'நெல்ஸ் படுத்துக் கிடந்த பதினொரு நாளும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. பாதிரியார் வந்தார். படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டுவந்தாள். இருபது வருஷம் முகம் பார்க்காத அண்ணன்கூட வந்து வாசலில் நின்றான்.'"

நிறுத்தினாள். மூச்சு விட்டாள்.

"'வெர்னா வரவில்லை.'"

பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கூட்டமே சிரித்தது. ஆல்மாவுக்குப் பதில் வாய் தவறித் தன் பெயரையே படித்துவிட்டாள் என்று நினைத்தார்கள். தபாலாபீஸ் டோரிஸ், "பார்த்தீங்களா, என் இடத்தப் பிடுங்கிட்டா!" என்று கத்தினாள். இன்னும் பெரிய சிரிப்பு.

மார்கிட் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். வெர்னா புத்தகத்தைக் கொடுத்தாள். மார்கிட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"நான் ஆல்மான்னுதான் எழுதினேன்" என்றாள் மெல்ல. மைக்கில் அது எல்லாருக்கும் கேட்டது.

"தப்பா ஒண்ணும் எழுதிடல நீ" என்றாள் வெர்னா. "நான் வரலதானே."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. ராய் படுத்திருந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போன மீதிப் பேர் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். டானா புத்திசாலி. சட்டென்று கைதட்ட ஆரம்பித்து, கையெழுத்து வாங்குகிறவர்கள் இடது பக்கம் வரிசையில் நிற்கலாம், காப்பி சூடாக இருக்கிறது என்றாள்.

வரிசை நீளமாகத்தான் இருந்தது. டானா ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, மஞ்சள் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாள், மார்கிட் வந்தவர்களின் பெயரைத் தப்பாக எழுதிவிடக்கூடாது என்று. ஒவ்வொரு விழாவிலும் செய்வதுதான். இன்றைக்கு டானா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் செய்தாள். வெர்னா கடைசி ஆளாக நின்றாள். காரில் ஏறிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. ஒரு தடவை போகாமல் இருந்த லட்சணத்தைத்தான் பார்த்தாயிற்றே என்று நின்றாள்.

எல்லாரும் போன பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் வெர்னா, அந்தப் பக்கம் மார்கிட். நடுவில் அந்தப் புத்தகம்.

"அடுத்த பதிப்புல மாத்தச் சொல்லவா?" என்று மார்கிட் கேட்டாள்.

"வேண்டாம்."

"எனக்குத் தெரியாம வந்திருச்சு வெர்னா. சத்தியமா."

"தெரியும். அதனாலதான் வேண்டாங்கறேன்." வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு ஜலதோஷமெல்லாம் இல்ல."

"அது எனக்கும் தெரியும்."

"எங்கப்பா சாகும்போது கட்டில் பக்கத்துல நின்னேன். அம்மா அவர் காதுல என்னமோ சொல்லி அழறா. எனக்கு அழுகை வரல. அம்மா சொல்றத அப்படியே மனசுக்குள்ள எழுதிக்கிட்டிருந்தேன். இங்க ஒரு கமா, அங்க ஒரு புள்ளின்னு வாக்கியம் கட்டிட்டிருந்தேன். அடுத்த நாவல்ல வந்துச்சு. எல்லாரும் பிரமாதம்னாங்க. அம்மா படிச்சுட்டு ஒரு வருஷம் என்கூட பேசல." குரல் உடைந்தது. "ராய் படுத்தப்போ எனக்கு அதே பயம். உன் வீட்டுக்கு வந்தா எழுதிருவேன். உன்னையும் அவனையும் பார்த்துக்கிட்டே எழுதிருவேன்னு பயந்துட்டேன். அதான் வரல. வேற ஒண்ணுமில்ல."

மார்கிட் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. வெர்னா இருபத்தாறு வருஷத்தில் பார்க்காத கோபம்.

"அடிப் பைத்தியக்காரி! எழுதியிருந்தா என்னடி? நான் என்ன செஞ்சேன்னு நினைச்சே? நோட்டப் பிரிச்சு வெச்சு உக்காந்து பதினொரு நாளும் எழுதினேன். அவன் மூச்ச எண்ணி எண்ணி எழுதினேன். வேற எப்படி அந்த அறையில உக்காந்திருக்க முடியும்? பாதிரியார் வந்தாரு, நோட்ட ஒளிச்சு வெச்சேன். உன்கிட்ட ஒருத்திகிட்டதான் ஒளிக்க வேண்டியிருந்திருக்காது." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "கட்டிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன். வந்து உக்காந்து நீயும் எழுதியிருக்கலாம்ல."

வெர்னா தலையை ஆட்டினாள். டானா தூரத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்கிட் புத்தகத்தில் கையெழுத்துப் போடவில்லை. மூடி, வெர்னாவின் பக்கம் தள்ளினாள்.

"போடலையா?"

"இங்க போட மாட்டேன். வீட்டுக்கு வந்து வாங்கிக்க."

"எப்போ?"

"எப்போவா? நல்லாக் கேட்டே போ. இப்பதான்."

நூலகத்திலிருந்து மார்கிட்டின் வீட்டுக்கு ஆறு நிமிடம். முன்னால் மார்கிட்டின் பழைய சாம்பல் நிற வண்டி மெதுவாக மலையேறிக்கொண்டிருந்தது. பின்னால் வெர்னா. புத்தகம் பக்கத்து இருக்கையில் கிடந்தது. வழக்கமாக அவள் சுற்றிப் போகத் திரும்புகிற முனை வந்தது. அதைத் தாண்டி நேராகப் போனாள். மார்கிட்டின் தெரு வந்தது, திரும்புவதற்கு விளக்கைப் போட்டாள்.